தளபாட அலங்கார வண்ணப்பூச்சு

தளபாட அலங்கார வண்ணப்பூச்சு என்பது நாற்காலி, மேசை, அலுமாரி, பெட்டி முதலிய மரத் தளபாடங்களின் மேற்பரப்பை வண்ணம், மெழுகு, வார்னிஷ், உலோக ரேக்கு, அச்சுத்தாள் போன்றவற்றால் அழகுபடுத்தும் கைவினை ஆகும். தளபாடம் என்னும் சொல் இலங்கையில் பெருவழக்காக உள்ளது. தமிழ்நாட்டில் இது அறைகலன் எனவும் வழங்குகின்றது. புதிய தளபாடங்களுக்கும் இத்தகைய பூச்சு இடப்படுவது உண்டெனினும், மங்கிப்போன அல்லது கீறல் விழுந்த பழைய பொருட்களை வீட்டிலேயே புதுப்பிக்கும் முறையாகவே இது இன்று பரவலாக அறியப்படுகின்றது.

இக்கைவினையில் இரண்டு நோக்கங்கள் உள்ளன. ஒன்று, மரத்தை ஈரம், அழுக்கு, தேய்வு ஆகியவற்றிலிருந்து காப்பது. மற்றது, விலை குறைந்த மரத்துக்கு வேறொரு தோற்றத்தைக் கொடுப்பது. வெடிப்புத் தோற்றம், மரவரித் தோற்றம், பளிங்குத் தோற்றம், தேய்ந்த தோற்றம் என அறியப்படும் நுட்பங்கள் பலவும் இந்த இரண்டாவது நோக்கத்திலிருந்தே தோன்றியவை.

பழைய பொருட்களைத் திரும்பப் பயன்படுத்துவதால் கழிவு குறைகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, 2018 ஆம் ஆண்டில் அந்நாட்டில் தளபாடம் மற்றும் வீட்டு அலங்காரப் பொருட்களாக ஏறத்தாழ 12.1 மில்லியன் தொன் கழிவு உருவானது. இதில் சுமார் 80 விழுக்காடு நிலத்தில் கொட்டிப் புதைக்கப்பட்டது.

வரலாறு

பண்டைக் காலம்

மரப் பொருட்களுக்கு வண்ணம் தீட்டும் வழக்கம் மிகப் பழமையானது. பண்டைய எகிப்தியர் மரத்தின் மீது வெண்ணிறச் சாந்தைப் பூசி, அது உலர்ந்தபின் அதன்மேல் ஓவியம் தீட்டினர். 1922 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த, வேட்டைக் காட்சிகளும் போர்க் காட்சிகளும் தீட்டப்பட்ட மரப்பெட்டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். நல்ல மரம் அரிதாகக் கிடைத்த எகிப்தில், மலிவான மரத்தின் மீது விலையுயர்ந்த மரத்தின் வரிகளை வண்ணத்தால் வரைவதும் வழக்கில் இருந்தது.

சாந்து பூசி அதன்மேல் அலங்கரிக்கும் இம்முறையை ஒத்த ஒன்றைத் தஞ்சாவூர் ஓவியத்திலும் காணலாம். அங்கும் மரப்பலகையின் மேல் துணி ஒட்டப்பட்டு, சுண்ணத்தூளும் பசையும் கலந்த கலவை பூசப்படுகின்றது. அதன்மேலேயே தங்க ரேக்கு ஒட்டப்படுகின்றது.

ஐரோப்பா

15 ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் புளோரன்சு நகரில், திருமணத்தின்போது செய்விக்கப்பட்ட பெரிய மரப்பெட்டிகளின் பக்கங்களில் ஓவியம் தீட்டுவது வழக்கமாக இருந்தது. இப்பெட்டிகள் கசோனே என அழைக்கப்பட்டன.

17 ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்தும் சப்பானிலிருந்தும் ஐரோப்பாவுக்குச் சென்ற மெருகுப் பொருட்கள் அங்கே பெரும் வரவேற்பைப் பெற்றன. கிழக்காசிய மெருகு ஒருவகை மரத்தின் பாலிலிருந்து பெறப்படுவது. அது ஐரோப்பாவில் கிடைக்காமையால், அங்குள்ள கைவினைஞர் அரக்கை மதுசாரத்தில் கரைத்துப் பல படைகளாகப் பூசி அதே பளபளப்பைப் பெற முயன்றனர். இம்முறை சப்பானின் பெயராலேயே 'ஜப்பானிங்' எனப்பட்டது. 1688 ஆம் ஆண்டில் இசுட்டோக்கர், பார்க்கர் ஆகிய இருவர் இம்முறையை விளக்கி இங்கிலாந்தில் ஒரு கையேட்டை வெளியிட்டனர். வீட்டில் இருந்தபடியே இதனைச் செய்து பார்த்தவர்களுக்கும் இந்நூல் வழிகாட்டியாக விளங்கியது.

18 ஆம் நூற்றாண்டில் வெனிசில் இதைவிட மலிவான ஒரு முறை உருவானது. கையால் ஓவியம் தீட்டுவதற்குப் பதிலாக, அச்சிட்ட படங்களை வெட்டி ஒட்டி, வண்ணமிட்டு, அவற்றின் மேல் பல படை வார்னிஷ் பூசினர். இதற்கு 'லாக்கா போவெரா' என்று பெயர். ஏழையின் மெருகு என்பது இதன் பொருள். பசானோ நகரின் ரெமொண்டினி அச்சகம் வெட்டி ஒட்டுவதற்கு ஏற்ற படங்களை அச்சிட்டு வழங்கியது. இன்று டெக்குபாஜ் எனப்படும் நுட்பத்தின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

இதே நூற்றாண்டில் ஊர்ப்புறங்களில் நாட்டார் பாணிகளும் வளர்ச்சி பெற்றன. நார்வேயின் தெலிமார்க், ஹாலிங்டால் பகுதிகளில் வளர்ந்த உரோசுமாலிங், செருமன் மொழி பேசும் ஆல்ப்சுப் பகுதிகளின் உழவர் ஓவியம், சுவீடனின் டாலர்னா பகுதியில் தோன்றிய குர்பிட்சு ஆகியன இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய செருமானியர் பூக்கள், பறவைகள் முதலியவற்றைத் தீட்டிய சீதனப் பெட்டிகளைச் செய்தனர்.

19, 20 ஆம் நூற்றாண்டுகள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லாம்பர்ட் ஹிட்ச்காக் என்பவர் 1820களில் பெருந்தொகையாக நாற்காலிகளைச் செய்து விற்றார். கருநிறப் பூச்சின்மீது வெட்டுத் தகட்டை வைத்து, வெண்கலத் தூளால் பழங்களையும் இலைகளையும் பதித்த இந்நாற்காலிகள் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. இங்கிலாந்தில் மரவரித் தோற்றமும் பளிங்குத் தோற்றமும் இந்நூற்றாண்டில் உச்சநிலையை அடைந்தன. இவற்றில் வல்லவரான தாமசு கெர்சா 1851 ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் பரிசு பெற்றார்.

1913 இல் ரோசர் பிரை இலண்டனில் தொடங்கிய ஒமேகா பட்டறையில் ஓவியர்களே தளபாடங்களுக்கு வண்ணம் தீட்டினர். 1919 இல் இப்பட்டறை மூடப்பட்டது. இதில் பணியாற்றிய வனேசா பெல், டங்கன் கிராண்ட் ஆகிய ஓவியர்கள் 1916 முதல் வாழ்ந்த சார்ல்சுட்டன் பண்ணைவீட்டில், அவர்கள் வண்ணம் தீட்டிய மேசைகள், கதவுகள், கட்டில்கள் முதலியன இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. பழைய தளபாடங்களை வாங்கி, நாட்டார் பாணியில் வண்ணம் தீட்டிப் புதுவாழ்வு கொடுத்தவர்களுள் அமெரிக்கரான பீட்டர் ஹண்ட் குறிப்பிடத்தக்கவர். தம் முறைகளை விளக்கி அவர் 1945 இல் ஒரு நூலை வெளியிட்டார்.

1981 இல் வெளிவந்த ஜொகாசுட்டா இன்னசின் 'பெயிண்ட் மாஜிக்' என்னும் நூல், தொழில்முறைக் கைவினைஞரிடம் மட்டும் இருந்த பல நுட்பங்களைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. 1990 இல் ஆனி சுலோன் 'சாக் பெயிண்ட்' என்னும் வண்ணத்தை அறிமுகப்படுத்தினார். பெரும்பாலான பரப்புகளில் உப்புத்தாள் தேய்க்காமலும் முதற்பூச்சு இடாமலும் பூசத்தக்கது என்பதால் இது புகழ்பெற்றது.

இந்தியாவும் இலங்கையும்

ஐரோப்பியர் மெருகுக்குப் பயன்படுத்திய அரக்கின் முதன்மையான பிறப்பிடங்களுள் இந்தியாவும் ஒன்று. அரக்குப் பூச்சி புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் சுரக்கும் பிசினே அரக்கு ஆகும். குஜராத்தின் சங்கேடா ஊரில் கடைசல் பிடித்த தேக்கு மரத் தளபாடங்களுக்கு அரக்கு வண்ணமும் வெள்ளீயப் பளபளப்பும் இடப்படுகின்றன. தெலுங்கானாவின் நிர்மல் பகுதியும் வண்ணம் தீட்டிய மரப்பொருட்களுக்குப் பெயர்பெற்றது. இலங்கையின் மாத்தளைப் பகுதியில் கைப்பிடிகள், பெட்டிகள் முதலியவற்றை அரக்கால் அலங்கரிக்கும் மரபு உண்டு.

தமிழ்நாட்டில் செட்டிநாட்டு வீடுகளின் தளபாடங்கள் பலவும் பருமாத் தேக்கில் செய்யப்பட்டவை. இவற்றில் மரத்தின் நிறத்தை மறைக்காமல் மெருகேற்றுவதே வழக்கம். அரக்கை மதுசாரத்தில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்த்துப் பூசும் முறை, பிரெஞ்சு பாலிஷ் என்ற பெயரில் தச்சர்களிடையே அறியப்படுகின்றது.

வண்ண வகைகள்

* எனாமல்: எண்ணெய் அல்லது அல்கைட் பிசினை அடிப்படையாகக் கொண்டது. கடினமாக உலர்வது, கழுவத்தக்கது. வெள்ளை நிறம் நாளடைவில் மஞ்சளாகும் இயல்புடையது.
* அக்ரிலிக் வண்ணம்: நீரில் கலக்கத்தக்கது. விரைவில் உலரும். மணம் குறைவு. மஞ்சளாவது அரிது.
* சுண்ண வண்ணம்: சுண்ணத்தூள் மிகுதியாகக் கலந்தது. பளபளப்பு அற்றது. எளிதில் தேய்த்து எடுக்கலாம் என்பதால் தேய்ந்த தோற்றத்துக்கு ஏற்றது. மேலே மெழுகோ வார்னிஷோ தேவை.
* பால் வண்ணம்: பாலில் உள்ள கேசின் என்னும் புரதத்தையும் சுண்ணாம்பையும் நிறமித் தூளையும் கொண்டது. தூளாக விற்கப்படும் இதனை வேண்டிய அளவு மட்டும் நீரில் கரைக்க வேண்டும். கரைத்தது சில நாட்களில் கெட்டுவிடும். வெறும் மரத்தில் நன்கு ஊறிப் பிடிக்கும். பழைய வார்னிஷின் மேல் பூசினால் ஆங்காங்கே உரிந்துவரும்.
* கிளேஸ்: ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணப் படலம். மெதுவாக உலர்வதால், பூசியபின் துணி, பஞ்சு, சீப்பு முதலியவற்றால் வடிவங்களை உருவாக்க நேரம் கிடைக்கின்றது.

முன்னாயத்தம்

அலங்காரப் பூச்சு உரிந்துவிடுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது வண்ணத்தின் தரம் அன்று, அதன் கீழுள்ள பரப்பின் நிலையே ஆகும். எனவே முன்னாயத்தத்துக்கே மிகுதியான நேரம் ஒதுக்கப்படுகின்றது.

பழைய பூச்சை அறிதல்

மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பார்க்கலாம். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு ஆகும். ஸ்பிரிட்டுக்கு இளகாமல், லாக்கர் தின்னருக்கு மட்டும் கரைந்தால் அது நைட்ரோசெலுலோசு லாக்கர் ஆகும். இரண்டுக்கும் அசையாதது பெரும்பாலும் பாலியூரித்தேன் போன்ற கடினமான பூச்சு. பழைய வண்ணம் பூசிய பொருளாயின், தேய்ப்பதற்கு முன் அதில் ஈயம் உள்ளதா என்பதைக் கருத வேண்டும். இது கீழே பாதுகாப்பு என்னும் பகுதியில் விளக்கப்பட்டுள்ளது.

துப்புரவும் பழுது நீக்கமும்

கைப்பிடி, கீல், பூட்டு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, சவர்க்கார நீர் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற வேண்டும். பழைய மெழுகு இருந்தால் டர்பன்டைனால் துடைத்தெடுக்க வேண்டும். மெழுகின் மேல் எந்த வண்ணமும் பிடிக்காது.

மரத்தில் சிறு துளைகளும் அவற்றின் அடியில் மாவு போன்ற தூளும் காணப்பட்டால், மரத்தை வண்டு துளைத்துக்கொண்டிருக்கின்றது என்று கொள்ளலாம். இதற்கும் கறையானுக்கும் முதலில் மருந்திட வேண்டும். உயிருள்ள பூச்சியை வண்ணத்தால் மூடுவது அழிவை மறைக்குமேயன்றி நிறுத்தாது. ஆடும் மூட்டுகளைப் பிரித்துப் பசையிட்டு இறுக்குவதும், பள்ளங்களைப் பட்டியால் நிரப்புவதும் இந்நிலையிலேயே செய்யப்படும்.

தேய்த்தல்

பொதுவாக 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, 180 அல்லது 220 எண்ணில் முடிப்பது வழக்கம். எண் கூடக்கூடத் தாளின் மணல் நுண்ணியதாகும். மரவரியின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல்கள் கிளேஸ் பூசும்போது தெளிவாகத் தெரியும். பழைய பூச்சு உறுதியாக இருப்பின் அதனை முழுவதும் அகற்ற வேண்டியதில்லை. பளபளப்பு போகுமளவு தேய்த்தாற் போதும். மேலொட்டுப் பலகைகளின் மேற்படை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புடையதாக இருக்கலாம். இயந்திரத்தால் தேய்த்தால் அது விரைவில் அழிந்துவிடும்.

முதற்பூச்சு

தேக்கு, மகோகனி முதலிய மரங்களில் உள்ள தனின் போன்ற பொருட்கள் நீர்சார் வண்ணத்தில் கரைந்து மேலே வந்து, வெளிர் நிறங்களில் பழுப்புக் கறையை உண்டாக்கும். எத்தனை படை வண்ணம் பூசினாலும் இக்கறை மீண்டும் தோன்றும். அரக்கு சார்ந்த முதற்பூச்சு இதனைத் தடுக்க வல்லது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்த் தன்மை உண்டு. ஆதலால் அதனைத் தின்னரால் துடைத்து, காய்ந்தவுடன் பூச்சைத் தொடங்குவர்.

நுட்பங்கள்

தேய்ந்த தோற்றம்

பல ஆண்டுகள் கைபட்டு மங்கியது போன்ற தோற்றம் இது. முதலில் ஒரு நிறம் பூசி உலரவிட்டு, இயல்பாகத் தேயக்கூடிய இடங்களில் மட்டும் மெழுகுவர்த்தியால் தேய்க்க வேண்டும். பின்னர் வேறு நிறத்தைப் பூசி, அது காய்ந்தபின் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் மெழுகு பட்ட இடங்களில் மேல்நிறம் அகன்று அடிநிறம் தெரியும். விளிம்புகள், மூலைகள், கைப்பிடியின் சுற்றுப்புறம், நாற்காலியின் கால்வைக்கும் சட்டம் ஆகியனவே உண்மையில் தேயும் இடங்கள். நடுப்பரப்பில் ஆங்காங்கே தேய்ப்பது செயற்கையாகத் தோன்றும்.

உலர்தூரிகை

தூரிகையில் மிகக் குறைந்த வண்ணத்தை எடுத்து, அதையும் தாளில் துடைத்துவிட்டு, பரப்பின்மேல் மெல்ல இழுப்பது இம்முறை. மேடான இடங்களில் மட்டும் நிறம் படிவதால், செதுக்கு வேலைப்பாடுகள் எடுப்பாகத் தெரியும்.

கிளேஸ் வேலைகள்

ஒரு பங்கு வண்ணத்துடன் மூன்று அல்லது நான்கு பங்கு கிளேஸ் கலந்து அடிநிறத்தின்மேல் பூசப்படுகின்றது. ஈரமாக இருக்கும்போதே கசக்கிய துணியால் ஒற்றி எடுத்தால் துணித்தோற்றமும், கடற்பஞ்சால் ஒற்றினால் புள்ளித்தோற்றமும், சீப்பால் இழுத்தால் கோட்டுத்தோற்றமும் கிடைக்கும். நீர்சார் கிளேஸ் சில நிமிடங்களிலேயே காயத் தொடங்கும். எனவே ஒரு நேரத்தில் ஒரு கதவு, ஒரு பக்கம் எனப் பிரித்துச் செய்வது நன்று.

மரவரித் தோற்றம்

இது மலிவான மரத்துக்குத் தேக்கு, கருங்காலி போன்றவற்றின் தோற்றத்தைக் கொடுப்பது. மரத்தின் வெளிர் பகுதியை ஒத்த அடிநிறத்தின்மேல் கருமையான கிளேஸ் பூசி, இரப்பராலான வளைந்த கருவியை அசைத்தவாறே இழுத்தால், பலகையின் நடுவில் காணப்படும் கூம்பு வடிவ வரிகள் உருவாகும். எஃகு அல்லது இரப்பர்ச் சீப்பு நேர்வரிகளைத் தரும். உண்மையான பலகைகள் எங்கு இணையுமோ அங்கேயே வரிகளும் மாற வேண்டும். சட்டத்தின் நெடுக்குப் பகுதியில் செங்குத்தாகவும், குறுக்குப் பகுதியில் கிடையாகவும் வரிகள் அமையாவிடின் கண் அதனை நம்பாது.

பளிங்குத் தோற்றம்

வெள்ளைப் பளிங்குக்கு, வெண்ணிற அடிப்பூச்சின்மேல் இளஞ்சாம்பல் நிறக் கிளேஸைத் திட்டுத்திட்டாகப் பூசி மென்மையாக்குவர். பின்னர் பறவை இறகாலோ மெல்லிய தூரிகையாலோ நரம்புகள் வரையப்படும். நரம்புகள் ஏறத்தாழ ஒரே சாய்வுத் திசையில் ஓட வேண்டும். அவை பிரிந்து சேரலாம், ஆனால் திடீரென வெளியில் முடியக்கூடாது. உலர்ந்த மென்தூரிகையால் மேலே வருடினால் கோடுகள் கல்லின் ஆழத்தில் இருப்பன போலத் தோன்றும். உண்மையில் பளிங்கால் செய்யக்கூடிய மேசைத்தளம், பீடம் போன்ற பகுதிகளுக்கே இது பொருந்தும்.

வெடிப்புத் தோற்றம்

பழைய பூச்சில் காணப்படும் வெடிப்புகளைச் செயற்கையாக உண்டாக்கும் முறை இது. அடிநிறம் உலர்ந்தபின் வச்சிரம் போன்ற பசை ஒரு படை பூசப்படுகின்றது. பசை தொட்டால் ஒட்டும் நிலையில் இருக்கும்போது மேல்நிறமான நீர்சார் வண்ணம் பூசப்படும். மேல்வண்ணம் விரைந்து உலர்ந்து சுருங்குகின்றது. அடியிலுள்ள பசை இன்னும் இளகிய நிலையில் இருப்பதால் அதனைப் பிடித்து நிறுத்த இயலுவதில்லை. ஆகவே மேல்வண்ணம் பிளந்து அடிநிறம் வெளித்தெரிகின்றது. மேல்வண்ணம் தடிப்பாக இருந்தால் அகன்ற வெடிப்புகளும், மெல்லியதாக இருந்தால் நுண்ணிய வெடிப்புகளும் தோன்றும். பூசிய இடத்தில் தூரிகையை மறுபடி இழுத்தால் வெடிப்புகள் குழம்பிவிடும்.

ஸ்டென்சில்

பிளாஸ்டிக் தகட்டிலோ எண்ணெய் ஊறிய தடித்த தாளிலோ வடிவத்தை வெட்டி, அதன் வழியாக வண்ணம் ஒற்றுவது இம்முறை. வெட்டிய பகுதிகளுக்கிடையே தகட்டைத் தாங்கும் சிறு இணைப்புகள் விடப்பட வேண்டும். தூரிகை ஏறத்தாழ உலர்ந்திருக்க வேண்டும். வண்ணம் மிகுந்தால் அது தகட்டின் அடியில் கசிந்து விளிம்பு கெடும். கோலம் போன்ற சமச்சீரான வடிவங்களுக்கு, முதலில் பரப்பின் மையக் கோடுகளைக் குறித்துக்கொண்டு நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்வது வழக்கம்.

டெக்குபாஜ்

தாளிலிருந்து படங்களை வெட்டி ஒட்டி, அவற்றின் விளிம்பு தடவினால் தெரியாதவாறு பல படை வார்னிஷ் பூசுவது. ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். சில படைகளுக்கு ஒருமுறை மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பர். மை கரையும் தாள் எனில், வெட்டுவதற்கு முன்னரே மேலே அரக்குப் பூச்சு ஒன்று இடுவது பாதுகாப்பானது.

ரேக்கு ஒட்டுதல்

தங்கம், வெள்ளி அல்லது பித்தளையாலான மிக மெல்லிய தாள்களை ஒட்டுபசையின்மேல் பதிப்பது. பசை ஈரம் நீங்கி ஒட்டும் தன்மை மட்டும் எஞ்சும் நிலையில் ரேக்கை இட வேண்டும். தூய தங்க ரேக்கு கறுப்பதில்லை. பித்தளை ரேக்கு காற்றுப்பட்டுக் கறுக்கும் என்பதால் அதற்கு மேற்பூச்சு இன்றியமையாதது.

மேற்பூச்சு

அலங்காரத்தைக் காப்பது மேற்பூச்சே ஆகும். மெழுகு மென்மையான தோற்றத்தைத் தரும். ஆனால் சூடான பாத்திரமும் நீரும் அதில் தடம் பதிக்கும். அவ்வப்போது மீண்டும் பூசவும் வேண்டும். உணவு மேசை, நாற்காலி, சமையலறை அலுமாரி ஆகியவற்றுக்கு வார்னிஷே ஏற்றது. எண்ணெய்சார் வார்னிஷ் வெளிர் நிறங்களை மஞ்சளாக்கும். நீர்சார் வார்னிஷில் இக்குறை மிகக் குறைவு. மெழுகு பூசியபின் வார்னிஷுக்கு மாற விரும்பினால், மெழுகை முற்றிலும் அகற்றியே ஆகவேண்டும்.

பூச்சு தொடுவதற்கு உலர்வதும் முழுமையாக இறுகுவதும் வேறுவேறு. பல வண்ணங்கள் சில மணிநேரத்தில் உலர்ந்தாலும், முழு இறுக்கம் பெற மூன்று முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். அதற்குள் கனமான பொருட்களை வைத்தால் அவை ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது வண்ணத்தையும் உரித்துவிடும்.

மழைக்காலத்திலும் கடலோரப் பகுதிகளிலும் காற்றின் ஈரப்பதம் மிகுந்திருக்கும். அத்தகைய நாட்களில் அரக்கு மெருகும் லாக்கரும் பால்போல் வெளுத்துப்போகலாம். மதுசாரமோ தின்னரோ ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதில் படிவதே இதற்குக் காரணம். நேரடி வெயிலில் பூசுவதும் நன்றன்று. மேற்புறம் மட்டும் விரைந்து காய்ந்து, உள்ளே சிக்கிய ஆவி கொப்புளங்களை உண்டாக்கும்.

தேவையான அளவு

வண்ணத்தைப் பொறுத்து, ஒரு லீட்டர் வண்ணம் ஒரு படைக்கு ஏறத்தாழ 10 முதல் 12 சதுர மீட்டர் வரை போதுமானது. 90 செ.மீ. உயரமும் 80 செ.மீ. அகலமும் 40 செ.மீ. ஆழமும் உடைய அலுமாரியைக் கொள்வோம். இதன் முன்புறம் 0.72, இருபக்கங்களும் சேர்த்து 0.72, மேற்புறம் 0.32 என மொத்தப் பரப்பு 1.76 சதுர மீட்டர் ஆகும். இரண்டு படைக்கு 3.52 சதுர மீட்டர். எனவே சுமார் 350 மில்லிலீட்டர் வண்ணம் தேவைப்படும்.

பாதுகாப்பு

ஈயம்

பழைய தளபாடத்தைப் புதுப்பிப்பதில் உள்ள மிகப் பெரிய இடர் கண்ணுக்குத் தெரியாதது. நீண்ட காலம் வெள்ளை வண்ணங்களில் ஈய வெள்ளையும், மஞ்சள், செம்மஞ்சள் வண்ணங்களில் ஈயக் குரோமேற்றும் பயன்படுத்தப்பட்டன. எனாமல் விரைவில் உலர்வதற்காகவும் ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டன. இத்தகைய பூச்சைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூள் மூச்சுடனும் கைகளின் வழியாகவும் உடலுட் செல்லும். தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கும் குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். ஈயம் வளரும் மூளையைத் தாக்கிக் கற்றல் திறனைக் குறைக்கின்றது. கேடு விளைவிக்காத ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையைத் தடை செய்யும் உடன்படிக்கை 1921 இலேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் நிறைவேறியது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1978 இல் வீட்டு வண்ணங்களில் ஈயத்தைத் தடை செய்தது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் விதிகள் வீட்டு மற்றும் அலங்கார வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தின. இவ்வரம்பு 2017 நவம்பர் முதல் உற்பத்திக்கு நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முன் வண்ணம் பூசப்பட்ட கட்டில், தொட்டில், சாளரம் முதலியவற்றில் ஈயம் இருக்கக்கூடும் என்று கொள்வதே பாதுகாப்பானது.

ஈயம் இருப்பதாக ஐயுறும் பூச்சைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ தீச்சுடரால் சுடவோ கூடாது. பூச்சு உறுதியாக இருப்பின் அதனைக் குலைக்காமல் மேலே புதிய பூச்சால் மூடுவது ஒரு வழி. அகற்றியே தீரவேண்டுமெனில், பரப்பை நனைத்து, தூள் எழாதவாறு சுரண்டி, கழிவை ஈரத்துடனே பொதிந்து கட்ட வேண்டும். நுண்துகள்களைத் தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும். சாதாரணத் துணி இதற்குப் போதாது. குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்விடத்தில் இருத்தல் கூடாது. குழந்தைகள் கடிக்கக்கூடிய தொட்டில் சட்டம் போன்றவற்றைப் பழைய பூச்சுடன் பயன்படுத்தாமல் விடுவதே நன்று.

கரைப்பான்களும் தீயும்

பூச்சு அகற்றிகளில் பயன்பட்ட டைகுளோரோமீத்தேன், மூடிய அறையில் உயிரிழப்பை ஏற்படுத்தியுள்ளது. பொதுமக்களுக்கான இவ்வகை அகற்றிகளை அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2019 இல் தடை செய்தது. தின்னர், டர்பன்டைன் ஆகியவற்றையும் காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் விளக்குச் சுடரும் இல்லாதவாறு பயன்படுத்த வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி வைப்பது ஆபத்தானது. இவ்வெண்ணெய் உலரும்போது ஒட்சிசனுடன் சேர்ந்து வெப்பத்தை வெளியிடுகின்றது. சுருட்டிய துணிக்குள் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிக் கூடி, தீப்பொறி எதுவும் இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். இத்தகைய துணிகளைத் திறந்தவெளியில் விரித்து உலர்த்த வேண்டும், அல்லது நீர் நிரம்பிய மூடியுள்ள தகரக் கொள்கலனில் இட வேண்டும்.

வண்ணம் பூசக்கூடாத பொருட்கள்

பழைய பொருள் எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசுவது பொருத்தமன்று. தேக்கு போன்ற மரங்களின் திறந்த நுண்துளைகளில் புகுந்த வண்ணத்தைப் பின்னர் முழுமையாக அகற்றுவது மிகக் கடினம். பழைய அரக்கு மெருகும், கைபட்டு உண்டான நிறமாற்றமும் ஒரு பொருளின் காலத்துக்கும் பயன்பாட்டுக்கும் சான்றுகள். அவற்றைத் தேய்த்து எடுத்தால் பொருளின் விலைமதிப்பு மட்டுமன்றி, வரலாற்று மதிப்பும் குறைகின்றது.

இதன் மறுபக்கமும் உண்டு. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வெறும் ஊசியிலை மரத் தளபாடங்கள் மீது நாட்டம் மிகுந்தபோது, வண்ணம் பூசிய பழைய பெட்டிகளும் அலுமாரிகளும் எரிசோடாத் தொட்டிகளில் அமிழ்த்தப்பட்டன. தொடக்கத்திலேயே வண்ணத்துக்கெனச் செய்யப்பட்ட பொருட்களின் மூலப்பூச்சு இவ்வாறு அழிந்தது. எரிசோடா மூட்டுகளின் பசையையும் கரைத்தது. ஒரு காலத்தின் நாகரிகம் பழையதெனக் கருதி அகற்றியதையே அடுத்த காலம் தேடிற்று.

ஆகையால், செய்ததை மீண்டும் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் ஒரு கொள்கையாகக் கொள்கின்றனர். வீட்டிலும் இதனைப் பின்பற்றலாம். கையால் வெட்டிய மூட்டுகள், செய்தவரின் குறி, பழைய மெருகு ஆகியன காணப்பட்டால், முதலில் துடைத்து மெழுகிடுவதோடு நிறுத்தி, அறிந்தவரிடம் காட்டுவது நன்று. ஒட்டுப்பலகை, அழுத்தப்பலகை ஆகியவற்றால் ஆன பொருட்களும், மேற்பரப்பு ஏற்கெனவே சிதைந்தவையும், பலமுறை வண்ணம் மாறியவையுமே அலங்கார வண்ணப்பூச்சுக்கு மிகவும் ஏற்றவை. புதிதாகக் கற்போர் ஒரு சிறு முக்காலியிலோ இழுப்பறையின் பின்புறத்திலோ நுட்பத்தைச் செய்து பார்த்துவிட்டுப் பெரிய பொருளைத் தொடுவது வழக்கம்.